மூன்று அரங்கம் காட்டும் காவிரி

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் வாழும் தமிழன்பர்கள் எளிதில் சென்று கால்நடையாகவே கண்டு களிக்கத்தக்கது சீரங்கப்பட்டணம். ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில், காவிரியின் இரு கிளைகளுக்கு நடுவே அமைந்த தீவு அது.

மேற்குமுனையில் கோட்டையும் அதனுள் அரங்கநாதர் ஆலயமும் உள்ளன. அக்கோட்டையில்தான் 1799 மே 4-ஆம் நாள் திப்பு சுல்தான் ஆங்கிலேயருடன் பொருது வீழ்ந்தார். கிழக்கே நடந்தால், அவர் 1784-இல் எழுப்பிய தரியா தௌலத் மாளிகையின் சோலை. அப்பால் அவரும் அவர்தம் பெற்றோரும் துயிலும் கும்பஸ். இறுதியில் கிளைகள் மீண்டும் கூடும் சங்கமம்.

இவ்வூரை ஆதிரங்கம் என்பர். இதே காவிரி, சிவசமுத்திரத்தில் மத்தியரங்கத்தையும் தமிழகத்தில் திருவரங்கத்தையும் தழுவிச் செல்கிறது. இங்கே பிறந்த நம் மக்களைச் சங்கமத்திற்கு அழைத்துச் சென்று நீரோடும் திசையைக் காட்டுங்கள். வாழும் ஊரும் வந்த ஊரும் தமக்கு உரியவையே என்பதை அவர்கள் உணர்வார்கள்.