ஜப்தியில் சிக்கும் பிறர் பொருள்

பணம் கட்டச் சொல்லி உரிமையியல் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் கடனாளி கட்டவில்லை என்றால், வழக்கில் வென்றவர் நிறைவேற்று மனு போட்டு, கடனாளியின் அசையும் பொருள்களை ஜப்தி செய்ய உத்தரவு பெறலாம். அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நிற்பவர் கோர்ட் அமீனா. உள்ளே இருப்பதெல்லாம் கடனாளியின் சொத்தாக இருந்துவிடுவதில்லை. அம்மாவின் தையல் மிஷின், தம்பியின் பைக், மருமகள் கொண்டுவந்த பீரோ, வீட்டுக்காரர் மாட்டிக்கொடுத்த ஏ.சி. என்று பலருடைய பொருள்கள் ஒரே கூரையின் கீழ் கிடக்கும். கடனுக்குச் சம்பந்தமே இல்லாத உரிமையாளர் தன் பொருளை மீட்க, 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 21ஆம் கட்டளையின் 58ஆம் விதியில் வழி வைத்திருக்கிறது. கோர்ட் வட்டாரத்தில் இதைக் கிளைம் மனு என்பார்கள்.

அமீனாவின் அதிகாரத்துக்கு எல்லைகள் உண்டு. சூரியன் மறைந்த பின்பும் உதிக்கும் முன்பும் அவர் குடியிருப்பு வீட்டுக்குள் நுழையக் கூடாது. கடனாளி குடியிருந்து, அவரே வழிவிட மறுத்தால் தவிர, வாசற்கதவை உடைக்க முடியாது. வேறொருவர் குடியிருக்கும் வீடானால் வாசற்கதவை உடைக்கவே கூடாது. கடனாளிக்கும் மனைவி மக்களுக்கும் தேவையான உடைகள், சமையல் பாத்திரங்கள், படுக்கை, தொழிலாளியின் கருவிகள், சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகைகள் ஆகியவற்றை அதே சட்டத்தின் 60ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கியிருக்கிறது. தாலி இதில் அடங்கும்.

ஆனால் எது யாருடையது என்று தீர்மானிக்கும் வேலை அமீனாவுடையது அல்ல. “இது என்னுடையது சார்” என்று அவரிடம் அழுதாலும் சண்டை போட்டாலும் சட்டப்படி எதுவும் நகராது. ஆட்சேபத்தை அங்கேயே எழுதிக் கொடுத்து, ஜப்திப் பட்டியலில் என்னென்ன ஏறியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது பின்னால் உதவும். முடிவு சொல்ல வேண்டியது நீதிமன்றம்.

முன்பெல்லாம் இதற்கு இரட்டை அலைச்சல். கிளைம் மனுவில் பொருள் யார் கையில் இருந்தது என்பதையே நீதிமன்றம் முக்கியமாகப் பார்க்கும். தோற்றவர் தன் உரிமையை நிலைநாட்டத் தனி வழக்குப் போட வேண்டும். 1977 பிப்ரவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் அதை ஒழித்தது. இப்போது நிறைவேற்று நீதிமன்றமே உரிமை உட்பட எல்லாக் கேள்விகளையும் விசாரித்துத் தீர்க்கிறது. அந்த உத்தரவு டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடும் செய்யலாம். சாதாரண மனிதருக்கு மிகவும் பயன்பட்ட திருத்தங்களில் இது ஒன்று.

காலதாமதம்தான் பெரிய எதிரி. பொருள் ஏலத்தில் போய்விட்டாலும், வேண்டுமென்றே தாமதித்ததாகத் தோன்றினாலும் நீதிமன்றம் மனுவை விசாரணைக்கே எடுக்காது. தனி வழக்கு ஒன்றே மிஞ்சும். ஏல அறிவிப்பு கோர்ட்டில் ஒட்டப்பட்டதிலிருந்து அசையும் பொருளுக்குக் குறைந்தது 7 நாள் இடைவெளி இருக்கும். சீக்கிரம் கெட்டுப்போகும் பொருளை உடனே விற்றுவிடலாம். அறிவிப்பு வந்த பின் மனு போட்டால், 59ஆம் விதியின் கீழ் ஏலத்தை ஒத்திவைக்கக் கேட்கலாம். அதற்கு நீதிமன்றம் பிணை கேட்கவும் கூடும்.

நிரூபிக்கும் பொறுப்பு உரிமை கொண்டாடுபவர் மீது விழுகிறது. கடனாளி வீட்டிலிருந்து எடுத்த பொருள் கடனாளியுடையது என்றே முதலில் தோன்றும். கையில் வைத்திருப்பவரே உரிமையாளர் என்று அனுமானிப்பது சாட்சியச் சட்டத்தின் வழி. அதை உடைக்க வாய்ப்பேச்சு போதாது. வாங்கியவர் பெயரிலான பில், பணம் போன வங்கிக் கணக்கு விவரம், வாரண்டி அட்டையிலும் பொருளின் பின்பக்கத்திலும் ஒன்றாக இருக்கும் சீரியல் எண், வண்டிக்கு ஆர்.சி. என்று ஒன்றுக்கொன்று பொருந்தி வர வேண்டும். வீட்டுக்காரரின் பொருள்களுக்கு வாடகை ஒப்பந்தத்தோடு இணைத்த பட்டியல் பெரிய பலம். செல்போனில் இருக்கும் பில்லையோ புகைப்படத்தையோ அச்சிட்டுக் கொடுப்பதானால், 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமம் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழையும் சேர்க்க வேண்டும்.

சீர் வரிசைக்குத் தனிக் கவனம் தேவை. பிரதிபா ராணி வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், சீதனம் பெண்ணின் முழு உரிமை என்றும் கணவன் அதில் பங்காளி ஆகிவிடுவதில்லை என்றும் தெளிவாகச் சொன்னது. ஆகவே கணவன் கடனுக்கு மனைவியின் வளையலை எடுக்க முடியாது. எது சீதனம் என்று காட்டுவதில்தான் சிக்கல். குடத்திலும் அண்டாவிலும் பெயர் வெட்டிக் கொடுக்கும் நம் வழக்கம் இந்த இடத்தில் நல்ல சாட்சி. அதைவிட வலுவானது கல்யாணப் பரிசுப் பட்டியல். அதற்கான 1985ஆம் ஆண்டு விதிகளின்படி, பொருளின் விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு ஆகியவற்றை எழுதி மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் மொய் நோட்டு பத்திரமாக இருக்கிறது, இந்தப் பட்டியல் இருப்பதில்லை.

அப்பா கடனுக்கு மகன் பொருள்? தந்தை கடனை அடைப்பது இந்து மகனின் புனிதக் கடமை என்ற பழைய கோட்பாட்டை, 2005 செப்டம்பர் 9க்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. தந்தை இறந்துவிட்டால், அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. வாரிசு தானே சம்பாதித்ததற்கு அது நீளாது.

நீதிமன்றங்கள் ஆதாரத்தை இவ்வளவு கறாராகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்தி வருவது தெரிந்ததும் மைத்துனர் பெயரில் பில் போடுவதும், முன்தேதியிட்டு விற்பனைச் சீட்டு எழுதுவதும் நடக்கின்றன. ஜப்திக்குப் பிறகு கடனாளி செய்யும் தனிப்பட்ட விற்பனை, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்தவருக்கு எதிராகச் செல்லாது. உண்மையான உரிமையாளர் அந்தச் சந்தேகத்தையும் சேர்த்தே தாண்ட வேண்டியிருக்கிறது.

ஒருவர் கடனுக்கு இன்னொருவர் பொருள் போகும் அநியாயத்தை இங்கிலாந்தும் பார்த்த நாடுதான். குடித்தனக்காரர் வாடகை பாக்கி வைத்ததற்காக அவரிடம் அறை எடுத்துத் தங்கியவரின் பொருளை அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க அங்கே 1871இல் தனிச் சட்டமே வந்தது. இன்று அங்கே, பொருளை எடுத்துச் சென்ற 7 நாளுக்குள் அதிகாரிக்கு எழுத்தில் உரிமை கோர வேண்டும்.

தனியார் நிதி நிறுவனங்களின் வசூல் ஆட்களுக்கு அமீனாவின் அதிகாரம் கிடையாது. ஜப்தி செய்ய வந்திருப்பதாகச் சொல்பவரிடம் நீதிமன்ற உத்தரவான வாரண்டைக் கேட்டுப் படித்துப் பார்க்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.