வாஸ்கரானுக்கு உயரம் கூட்டியது யார்?

பெரு நாட்டின் வாஸ்கரான் மலைக்கு இரண்டு சிகரங்கள். தெற்குச் சிகரம் 6,768 மீட்டர். வடக்குச் சிகரம் சுமார் 6,655 மீட்டர். ஆனால் 1909-இல் அந்த வடக்குச் சிகரத்துக்கு 24,000 அடி என்று ஒரு கணக்கு உலவியது. அதாவது 7,300 மீட்டருக்கும் மேல். இந்தக் கூடுதல் அறுநூற்றுச் சொச்சம் மீட்டர் எங்கிருந்து முளைத்தது?

கணக்குச் சொன்னவர் அமெரிக்கப் பெண்மணி ஆனி பெக். 1908 செப்டம்பர் 2 அன்று, தம் 57-ஆம் வயதில், இரண்டு சுவிஸ் வழிகாட்டிகளோடு அந்த உச்சியில் முதன்முதலாக ஏறியவர். அவர் எழுதியதை வரிவரியாகப் படித்தால் தடயம் அங்கேயே கிடக்கிறது. தண்ணீரின் கொதிநிலையைக் கொண்டு உயரம் காணும் கருவி ஒன்றை எடுத்துப் போயிருந்தார். இரு சிகரங்களுக்கும் இடையே சுமார் 6,000 மீட்டரில் உள்ள பள்ளத்தில் அது வேலை செய்தது. உச்சியிலோ, அடித்த காற்றில் கருவியைப் பற்றவைக்கவே முடியவில்லை. ஆக, பள்ளத்துக்கு மேலே உள்ளதெல்லாம் வெறும் கண்மதிப்பு. களைத்த கால்கள் எந்த மலையையும் உயரமாகத்தான் மதிப்பிடும். பெக் அதை இருக்கக்கூடும் என்ற அளவில்தான் சொன்னார் என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆனால் 1911-இல் வந்த அவருடைய நூலின் தலைப்பே அமெரிக்காவின் உச்சியைத் தேடியது பற்றியது; ஆசை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது புரிகிறது.

இந்தக் கணக்கால் பாதிக்கப்பட்டவர் ஃபேனி புல்லக் வொர்க்மன். காஷ்மீரின் நுன் குன் மலைத்தொகுதியில் பின்னக்கிள் சிகரத்தை 1906-இல் ஏறி, 23,300 அடி என்று அறிவித்து, பெண்களில் உயரச் சாதனை தமதே என்றிருந்தார். அவர் சும்மா இருக்கவில்லை. 13,000 டாலர் செலவில் பிரெஞ்சு நிலஅளவையாளர்களைப் பெருவுக்கு அனுப்பி, முக்கோண முறையில் அளக்க வைத்தார். விடை 21,812 அடி, அதாவது 6,648 மீட்டர். இன்றைய அளவுக்கும் அதற்கும் ஏழெட்டு மீட்டர்தான் வித்தியாசம். அந்தக் காலத்துக்கு அபாரமான வேலை. 1910-இல் இருவரும் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் மோதிக்கொண்டார்கள். இதற்கிடையே, பெக்கின் அந்த ஏற்றத்தில் பனிக்கடியால் ஒரு கையின் பெரும்பகுதியையும் பாதி பாதத்தையும் இழந்த வழிகாட்டி ருடால்ஃப் டௌக்வால்டரை யார் நினைத்தார்கள்?

என் தீர்ப்பு இது: சாதனை வொர்க்மனுடையதே. ஆனால் பெக்கின் மலையை அளக்கப் பணம் கொட்டிய அவருடைய 23,300 அடியும் கூட்டிச் சொன்ன கணக்குத்தான். பின்னக்கிள் சிகரத்தின் உயரம் இன்று 6,930 மீட்டர். அவர் சொன்னதைவிட சுமார் 170 மீட்டர் குறைவு.