பதிவேட்டில் இல்லாத நோயாளிகள்

ஓர் ஊரில் நீரிழிவு நோயாளிகள் எத்தனை பேர் என்று உங்களைக் கேட்டால் என்ன செய்வீர்கள்? மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கத் தோன்றும். ஆனால், அதில் மருத்துவரிடம் வந்தவர்களின் பெயர்கள்தாம் இருக்கும். காலராவோ அம்மையோ பரவினால் ஊரே அறியும். நீரிழிவு அப்படியன்று. பல ஆண்டுகள் வெளியே தெரியாமலிருந்தே கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லது. இத்தகைய நாட்பட்ட நோயை எண்ணுவது எப்படி?

பாஸ்டன் நகர மருத்துவர் எலியட் ஜாஸ்லின் 1921-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதினார். அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் அடுத்தடுத்திருந்த மூன்று வீடுகளில் குடியிருந்த குடும்பத் தலைவர்கள் எழுவர். அவர்களில் அறுவர் நீரிழிவால் மாண்டனர். தொற்றுநோயாக இருந்திருந்தால் சுகாதாரத் துறையே திரண்டு வந்திருக்கும். நீரிழிவு என்பதால் எவரும் பொருட்படுத்தவில்லை என்று அவர் சுட்டிக்காட்டினார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அந்தக் குறை தீரத் தொடங்கியது. ஜாஸ்லின் பிறந்த ஊர் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஆக்ஸ்ஃபோர்டு. 1946-47-இல் வில்கர்சன், கிரால் என்னும் ஆய்வாளர்கள் அவ்வூர் மக்களின் சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்தனர். நோயாளி வரட்டும் என்று காத்திராமல், நலமாக இருப்பதாக எண்ணியவர்களையும் சோதித்ததே இதன் சிறப்பு. ஊரின் மக்கள் தொகை 4,983. சோதனைக்கு உட்பட்டவர்கள் 3,516 பேர்.

முடிவு என்ன தெரியுமா? 70 பேருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் 40 பேருக்கு அது முன்பே தெரியும். மற்ற 30 பேர் அன்றுதான் அறிந்தனர்! தெரிந்த நோயாளிகள் நால்வர் என்றால், தெரியாதவர்கள் மூவர். பழைய நோயாளிகளை மட்டும் எண்ணியிருந்தால் 100-க்கு ஒருவர் என்ற அளவே கிடைத்திருக்கும். உண்மையில் 100-க்கு இருவர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 70-ஐ 4,983-ஆல் வகுக்கக் கூடாது. 3,516-ஆல் வகுக்க வேண்டும். சோதிக்கப்படாதவர்களை நோயற்றவர்கள் என்று கொள்ள நமக்கு உரிமை இல்லை.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1970-களின் முற்பகுதியில் நடத்திய ஆய்வில் நீரிழிவு நகரங்களில் 2.1 சதவீதம், கிராமங்களில் 1.5 சதவீதம் எனத் தெரிந்தது. அதே கழகத்தின் மற்றோர் ஆய்வு தமிழ்நாட்டில் வயது வந்தோரிடையே 10.4 சதவீதம் என்று 2011-இல் அறிவித்தது. நோய் பெருகியுள்ளது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஐந்து மடங்கு என்று உடனே சொல்லிவிட முடியாது. எந்த வயதினரை, எந்த முறையில், எந்த அளவுகோலால் சோதித்தார்கள் என்பவை ஒத்திருந்தால்தான் இரண்டு எண்களை ஒப்பிடலாம்.

இனி நோய்க் கணக்கு எதைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: யாரை எண்ணினார்கள்? எப்படி எண்ணினார்கள்? யார் விடுபட்டார்கள்? ஆக்ஸ்ஃபோர்டில் மூன்றாவது கேள்வியைக் கேட்டதால்தான் அந்த முப்பது பேர் மருத்துவம் பெற வழி பிறந்தது.