ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பின் தொங்கலமைப்பு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் தயாரித்த சிறிய கார் ஆகும். இதன் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே மேலும் கீழும் அசையும் ஊசல் அச்சு முறையில் பொருத்தப்பட்டிருந்தன. காரின் உயரம் மாறினால் சக்கரத்தின் கோணமும் மாறும் என்பது இக்காரில் மற்றக் கார்களைவிடத் தெளிவாக வெளிப்பட்டது. டயர் தேய்மானமும் வளைவுகளில் காரின் நடத்தையும் இதனைச் சார்ந்திருந்தன. இதே நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட கெசல் காரில் இம்முறை கைவிடப்பட்டது.

பின்னணி

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனம் 1959 ஏப்ரலில் டிரையம்ப் ஹெரால்டு காரை அறிமுகப்படுத்தியது. இதன் உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி. அக்காலத்தில் உடலும் சட்டமும் ஒன்றான கார்கள் பெருகி வந்தபோதும், ஹெரால்டு தனிச் சட்டத்தின்மீது கட்டப்பட்டது. இதனால் உதிரிகளாக அனுப்பி வெளிநாடுகளில் பூட்டுவது எளிதாயிற்று. சென்னையில் தயாரான கார்களில் 948 சிசி என்ஜின் இருந்தது. உள்நாட்டு உதிரிபாகங்களின் பங்கு படிப்படியாக உயர்த்தப்பட்டது. பின்னர் நான்கு கதவு வடிவமும் வெளிவந்தது.

அன்று இந்தியச் சாலைகளில் பெரும்பான்மையாக இருந்தவை அம்பாசடர், ஃபியட் 1100 ஆகிய கார்கள். இவ்விரண்டிலும் பின்சக்கரங்கள் ஒரே உறுதியான அச்சின் இரு முனைகளில் இருந்தன. நாட்டின் பணிமனைகள் பழகியிருந்த அமைப்பும் இதுவே.

ஊசல் அச்சு இயங்கும் விதம்

ஹெரால்டில் டிஃபரன்ஷியல் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் குறுக்காக ஒரு பட்டை வில் வைக்கப்பட்டு, அதன் இரு முனைகளும் சக்கரங்களைத் தாங்கின. இருபுறமும் செல்லும் அரையச்சுகளில் உள்முனையில் மட்டுமே இணைப்பு மூட்டு உண்டு. சக்கரத்தருகே மூட்டு இல்லாததால், சக்கரம் எப்போதும் அரையச்சுக்குச் செங்குத்தாகவே நிற்கும். அரையச்சு எந்தக் கோணத்தில் சாய்கிறதோ, சக்கரமும் அதே கோணத்தில் சாயும்.

சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம் கேம்பர் எனப்படும். மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்தால் எதிர்க் கேம்பர். வெளிநோக்கிச் சாய்ந்தால் நேர்க் கேம்பர். மூட்டிலிருந்து சக்கரம் வரை அரை மீட்டர் நீளம் என்று கொண்டால், காரை 25 மில்லிமீட்டர் தாழ்த்தும்போது ஒவ்வொரு பின்சக்கரமும் ஏறத்தாழ 3 டிகிரி உள்நோக்கிச் சாயும். 50 மில்லிமீட்டர் தாழ்த்தினால் சாய்வு 6 டிகிரியை நெருங்கும். உறுதியான அச்சு கொண்ட அம்பாசடரின் பின்பகுதியை இதே அளவு தாழ்த்தினாலும் பின்சக்கரங்களின் கேம்பர் மாறுவதில்லை.

சுமையும் தளர்ந்த வில்லும்

ஹெரால்டைத் தாழ்த்துவதற்கு யாரும் வேண்டுமென்றே வில்லை மாற்ற வேண்டியதில்லை. பின்னிருக்கையில் மூவரும் பெட்டியில் மூட்டைமுடிச்சுகளும் ஏறினாலே பின்பகுதி தாழ்ந்து, சக்கரங்களின் மேல்பகுதி உள்ளே சாயும். பல ஆண்டுகள் ஓடிய பட்டை வில் தன் வளைவை இழக்கும்போது, காலியான காரிலும் இந்தச் சாய்வு நிலையாகிவிடும். அந்நிலையில் பாரம் டயரின் உள்விளிம்பில் குவியும். நடுப்பகுதியிலும் வெளிவிளிம்பிலும் பட்டன் நன்றாக இருக்கும்போதே உள்விளிம்பு வழுவழுப்பாகிவிடும்.

உறுதியான அச்சில் பழகிய ஒருவர் இத்தேய்மானத்தைப் பார்த்து டயரையோ காற்றழுத்தத்தையோ குறைகூற வாய்ப்புண்டு. சக்கரங்களை இடம் மாற்றிப் போட்டால் தேய்மானம் பகிரப்படுமே தவிரக் காரணம் நீங்காது. வில்லின் உயரத்தைச் சரிசெய்வதே தீர்வு. ஆரக் கைகளின் பொருத்துமிடத்தில் வைக்கப்படும் ஷிம் தகடுகளால் பின்சக்கரங்களின் டோ கோணத்தை மட்டும் திருத்த முடியும். கேம்பருக்கு அங்கே திருத்தம் கிடையாது.

வளைவுகளில் நேர்ந்த சிக்கல்

தாழ்ந்த ஹெரால்டு டயரைத் தின்றது என்றால், உயர்ந்த ஹெரால்டு வேறொரு ஆபத்தைக் கொண்டிருந்தது. ஓட்டுநர் மட்டும் அமர்ந்த காரில் பின்பகுதி உயர்ந்து நிற்கும். வேகமாக வளைவில் திரும்பும்போது, வெளிப்புறச் சக்கரத்தின்மீது விழும் பக்கவாட்டு விசை காரின் பின்பகுதியை மேலும் தூக்கும். சக்கரம் காருக்கு அடியில் மடங்குவதுபோல் நேர்க் கேம்பருக்குச் சென்று பிடிப்பை இழக்கும். பின்பகுதி திடீரென வெளியே வீசும். அமெரிக்காவின் செவ்ரோலே கோர்வேர் காரிலும் இத்தகைய அச்சே இருந்தது. ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட நூல் அக்காரின் பின் தொங்கலமைப்பைக் கடுமையாகச் சாடியது.

இதனால் ஊசல் அச்சுக் கார்களைப் பந்தயத்துக்குத் தயாரித்தவர்களுக்குத் தாழ்த்துதல் வெறும் அழகு வேலையாக இருக்கவில்லை. தொடக்கத்திலேயே சிறிது எதிர்க் கேம்பர் இருந்தால், சக்கரம் மடங்கும் எல்லையை எட்டுவது தள்ளிப்போகும். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது போன்ற பந்தயங்களில் ஒரு டயர் சில சுற்றுகள் தாங்கினால் போதும். நாள்தோறும் அலுவலகம் செல்லும் காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பாதுகாப்பைக் கூட்டிய அதே கோணம் அங்கே டயர்ச் செலவைக் கூட்டியது.

இரு தீர்வுகள்

இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் 1970இல் வெளியிட்ட ஸ்பிட்ஃபயர் மார்க் 4 காரில் ஊசல் அச்சை வைத்துக்கொண்டே வில்லைத் திருத்தியது. பட்டை வில்லின் ஒரு தகட்டை மட்டும் இறுகப் பிணைத்து, மற்றவை அசையுமாறு விட்டது. இதனால் வளைவில் பின்பகுதி தூக்கப்படுவது குறைந்தது.

சென்னை நிறுவனம் வேறு வழியில் சென்றது. ஹெரால்டை அடிப்படையாகக் கொண்ட கெசல் காரில் ஊசல் அச்சுக்குப் பதில் உறுதியான அச்சைப் பொருத்தியது. தனித்தொங்கல் முறை இந்திய ஓட்டுநர்களிடமும் மெக்கானிக்குகளிடமும் வரவேற்புப் பெறாததே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. கெசலில் எத்தனை பேர் ஏறினாலும் பின்சக்கரங்கள் நேராகவே நின்றன. ஆனால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும் பழைய குறை திரும்பியது.

பிற்காலக் கார்களில்

1983இல் வந்த மாருதி 800 காரின் முன்பக்கத்தில் மெக்ஃபர்சன் ஸ்டிரட் முறை அமைந்தது. பின்னர் வந்த பெரும்பாலான சிறிய கார்களும் இதையே பின்பற்றின. இம்முறையில் தாழ்த்துதலால் கேம்பர் மாறும் அளவு ஊசல் அச்சைவிடக் குறைவு. இங்கு டயரை விரைவாகத் தின்பது பெரும்பாலும் டோ கோணமே. தொங்கலமைப்பின் கையும் ஸ்டியரிங் டை ராடும் வெவ்வேறு வட்டப்பாதையில் அசைவதால், உயரம் மாறியதும் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பிவிடும். ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்திலும் அது ஏறத்தாழ 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுவதற்குச் சமம். டயரைக் கையால் தடவினால் ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் சொரசொரப்பும் தெரிவது இதன் அறிகுறி. ஆகவே ஸ்பிரிங் மாற்றிய பின் வீல் அலைன்மென்ட் செய்வது தவிர்க்க முடியாதது.

அலைன்மென்டால் தீராத குறைகளும் உண்டு. சுருள் வில்லை வெட்டித் தாழ்த்தினால் மேல்நோக்கிய அசைவுக்கான இடம் சுருங்கி, ரப்பர் தடுப்பில் அடிக்கடி மோதும். ஷாக் அப்சார்பரும் பால் ஜாயின்டும் விரைவில் தேயும். இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டி வேகத்தடையின் உயரத்தை 10 சென்டிமீட்டர் என வகுத்துள்ளது. அதற்கும் மேல் குவிந்து நிற்கும் தடைகள் உள்ள குடியிருப்புத் தெருக்களில் தாழ்ந்த காரின் அடிப்பகுதி உரசும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இப்பிரிவைக் கண்டிப்பாகப் பொருள்கொண்டு தீர்ப்பளித்தது.

ஹெரால்டு காரில் குடும்பச் சுமையும் தளர்ந்த வில்லும் செய்த வேலையை, பிற்காலத்தில் வெட்டிய ஸ்பிரிங் செய்கிறது. இரண்டிலும் உயரம் குறைந்ததன் விளைவு முதலில் தெரிவது டயரின் விளிம்பில்தான்.