சிகானோ: வசைச்சொல் துறைப்பெயரான கதை

கலிபோர்னியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 'சிகானோ ஆய்வுகள்' என்றொரு துறை உண்டு. மெக்சிக வம்சாவளி அமெரிக்கர்களின் வரலாறு, இலக்கியம், உழைப்பு, இசை எல்லாம் அங்கே பாடம். அந்தச் சொல்லோ நூறாண்டுக்கு முன் ஒரு வசை. டெக்சாஸ் எல்லையோர நகரமான லாரெடோவின் 'லா குரோனிகா' என்ற ஸ்பானிய ஏட்டில் 1911இல் அது அச்சேறியபோது, புதிதாக வந்த ஏழைத் தொழிலாளரை மட்டம்தட்டும் சொல்லாகவே இருந்தது. மட்டம்தட்டியவர்களும் மெக்சிகரே, கொஞ்சம் முன்னால் வந்தவர்கள், கொஞ்சம் வசதி கண்டவர்கள்.

சொல்லின் பிறப்பு பற்றிப் பல ஊகங்கள் உண்டு. அறிஞர் பெரும்பாலோர் ஏற்பது இது: தெனோச்தித்லான் நகரை ஆண்ட மக்கள் தங்களை 'மெஷிகா' என்றார்கள். 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியர் அந்த 'ஷ' ஒலியை 'எக்ஸ்' எழுத்தால் எழுதினர். பிறகு ஸ்பானியத்தில் அந்த எழுத்தின் ஒலி தொண்டைக்குள் இறங்கி, 'மெஹிகானோ' ஆனது. நாட்டுப்புறத்தார் வாயில் மட்டும் பழைய 'மெஷிகானோ' தங்கிவிட்டது. அதன் முதலசை தேய்ந்து, 'ஷ' வலுத்து, 'சிகானோ' வந்தது. படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கிய உச்சரிப்பில்தான் மூத்த ஒலியின் தடம் இருந்தது.

1947இல் மாரியோ சுவாரஸ் என்ற எழுத்தாளர் தம் டூசான் நகரச் சேரி பற்றி 'எல் ஓயோ' என்ற கதைச் சித்திரம் எழுதினார். அங்கே வாழ்பவர்களை, துளி இளக்காரமின்றிச் சிகானோக்கள் என்றே அழைத்தார். சொல்லின் திருப்பம் அங்கே தொடங்குகிறது என்பேன்.

முழுதாகத் திருப்பியவர்கள் மாணவர்கள். 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வகுப்பை விட்டு வெளியேறினர். ஸ்பானியம் பேசினால் தண்டனை, கல்லூரிக்குப் பதில் கைத்தொழிலுக்கு அனுப்பும் வழக்கம், தங்கள் முன்னோர் இல்லாத வரலாற்றுப் பாடம் ஆகியவற்றை எதிர்த்தனர். 1848 குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையில் மெக்சிகோவின் நிலத்தில் ஏறத்தாழப் பாதி அமெரிக்காவுக்குப் போனது. அங்கே குடியிருந்தவர்கள் எங்கும் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகளை வந்தேறிகள் என்றது பாடநூல்.

1969 ஏப்ரலில் சாண்டா பார்பராவில் மாணவரும் ஆசிரியரும் கூடி, பல்கலைக்கழகத்தில் சிகானோ படிப்பு எப்படி அமைய வேண்டும் என ஒரு திட்டம் வரைந்தனர். அதுவரை 'மெக்சிக அமெரிக்க' என்ற பெயர் தாங்கிய மாணவர் சங்கங்கள் பல அங்கே 'மெச்சா' என்ற ஒரே பெயரை ஏற்றன. அது சிகானோ மாணவர் இயக்கம் என்பதன் சுருக்கம். ஸ்பானியத்தில் திரி என்றும் பொருள். அதே ஆண்டு சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்குக் கல்லூரியில் ரோடோல்ஃபோ அக்குன்யா இத்துறையை நிறுவினார். துறைக்கு உகந்த பாடநூல் இல்லாத காலம் அது. 1972இல் அவர் எழுதிய 'ஆக்கிரமிக்கப்பட்ட அமெரிக்கா' அந்தக் குறையைத் தீர்த்தது.

தமிழிலும் இப்படி ஏற்றம் கண்ட சொல் உண்டு. திருக்குறளின் சூது அதிகாரத்தில் 'கழகம்' சூதாடுமிடம். இன்று அது பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. அந்த ஏற்றம் மெல்ல, பல நூற்றாண்டுகளில் நடந்தது. சிகானோவின் ஏற்றம் ஒரு தலைமுறைக்குள், போராடிப் பெற்றது. 1970 பிப்ரவரியில் சிகானோ என்பவர் யார் என்று 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' வாசகருக்கு விளக்கிய பத்திரிகையாளர் ரூபன் சலசார், அந்த ஆகஸ்டில் வியட்நாம் போருக்கு எதிரான சிகானோ பேரணி நாளன்று காவலர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டு இறந்தார்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்புக்குத் துறைத் தகுதி தர நிர்வாகம் மறுத்தது. 1993இல் மாணவர்களும் ஒரு பேராசிரியரும் 14 நாள் உண்ணாநோன்பிருந்தனர். பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் பெயரில் ஒரு கற்பித்தல் மையம் கிடைத்தது. துறை என்ற தகுதி வர 2005 ஆனது.

சொல்லின் ஈற்றெழுத்திலும் சண்டை தொடர்ந்தது. 'ஓ' ஆண்பால். வெளிநடப்பிலும் மறியலிலும் முன்நின்ற பெண்கள், தம்மைச் சிகானா என்றார்கள். துறைப் பலகைகளில் 'சிகானா' முதலில் வந்தது இந்த வாதத்தால்தான். இதை வெறும் இலக்கணச் சண்டை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாடத்திட்டத்தில் யார் எழுதிய நூல் இடம்பெறும் என்பதும் அதிலேயே அடங்கியிருந்தது. சிகானா எழுத்தாளர் குளோரியா அன்சால்துவாவின் 'எல்லைநிலங்கள்' 1987இல் வெளிவந்து வகுப்பறைகளுக்குள் நுழைந்ததும் அதே அலையில்தான்.

இப்போது அந்த வகுப்புகளில் எல் சால்வடோர், குவாதமாலா நாடுகளிலிருந்து உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்தவர்களின் பிள்ளைகளும் அமர்கிறார்கள். சிகானோ என்ற சொல்லுக்குள் அவர்கள் இல்லை. சாவேஸ் பெயர் தாங்கிய துறை தன் பெயரோடு 'மத்திய அமெரிக்க' என்பதையும் சேர்த்துக்கொண்டது. பழைய வசையை விடவும் இல்லை.