மோரிஸ் பழமும் ஒரு பிரபுவின் கண்ணாடி வீடும்

குளிர் தேசத்துல இருக்கற நம்ம மக்கள் கறிவேப்பிலைத் தொட்டியை ஹீட்டர் பக்கத்துல வச்சுக்கிட்டு, புதுசா ஒரு கொழுந்து விட்டாக்கூட போட்டோ புடிச்சுப் பதிவு போடறீங்க இல்லையா... உங்களுக்கெல்லாம் மூத்த அண்ணாச்சி ஒருத்தர் இருந்தார். பேர் ஜோசப் பாக்ஸ்டன். அவர் கூரைக்குள்ள வளர்த்தது வாழை. அதுவும் பனி கொட்டற இங்கிலாந்தோட டார்பிஷயர்ல, 1830கள்ல!

"வளர்த்தா வளர்த்துட்டுப் போகட்டும், நமக்கென்ன"ங்கறீங்களா? வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்ல ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கற வாழைப்பழத்துக்கு 'கேவண்டிஷ்'னு பேர் வந்ததே அங்கதான்.

பாக்ஸ்டன் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1826ல, 22 வயசுல, ஆறாவது டெவன்ஷயர் டியூக்கோட சாட்ஸ்வொர்த் மாளிகைக்குத் தலைமைத் தோட்டக்காரரா வந்தார். முதல் நாள் விடிகாலை நாலரை மணிக்குப் போயிருக்கார். அந்த நேரத்துல யார் கதவு திறப்பாங்க? மதில் ஏறிக் குதிச்சு, தோட்டம் முழுக்க சுத்திப் பார்த்து, ஆளுங்களுக்கு வேலை பிரிச்சுக் குடுத்து, ஒன்பது மணி சாப்பாட்டுக்குள்ள மாளிகை நிர்வாகி அம்மாவோட உறவுக்காரப் பொண்ணு மேல காதலும் வந்தாச்சு. அவரே எழுதி வச்ச கதை இது. அந்தப் பொண்ணையே கல்யாணமும் பண்ணிக்கிட்டார். (நம்ம சினிமாவுல கூட இடைவேளை வரைக்கும் இழுப்பாங்க :-))

வாழைக்கு வருவோம். தெற்குச் சீனாவைச் சேர்ந்த ஒரு குட்டை வாழை மொரீஷியஸ் தீவுக்குப் போய், அங்கேர்ந்து 1829ல இங்கிலாந்து வந்துச்சு. அந்த வழியில வந்த ஒரு செடி பாக்ஸ்டன் கைக்குக் கிடைச்சது. கண்ணாடி வீட்டுக்குள்ள குழி எடுத்து, நல்ல வண்டல் மண்ணும் மக்கின எருவும் போட்டு, தண்ணியைத் தாராளமா விட்டார். சூடு 18லேர்ந்து 30 டிகிரி செல்சியஸ்க்குள்ள இருக்கணும், அதுக்கு ராவும் பகலும் நிலக்கரி எரியணும். 1835 நவம்பர்ல செடி பூ தள்ளிடுச்சு. அடுத்த மே மாசம் தார்ல நூத்துக்கும் மேல காய்! லண்டன் தோட்டக்கலைச் சங்கக் கண்காட்சியில பதக்கமும் கிடைச்சது. முதலாளியோட குடும்பப் பேரையே 'மூசா கேவண்டிஷீ'ன்னு செடிக்கு வச்சுட்டார். விசுவாசமா, பிழைக்கத் தெரிஞ்ச புத்தியான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

இதுல எனக்கு சுவாரசியமாப் பட்டது வேற. கூரைக்குள்ள காய் பிடிக்க வைக்கறது லேசுப்பட்ட காரியமில்ல. முலாம்பழம்னா ஆண் பூவைப் பறிச்சுப் பெண் பூவுல தடவி விடணும், ஏன்னா உள்ள தேனீ வராது. வாழைக்கு அந்தத் தொல்லையே இல்ல. மகரந்தம் படாமலே காய்க்கும். அதனாலதான் நாம திங்கற பழத்துல விதை இல்ல. இந்த ரகம் குட்டை வேற, கூரை இடிக்காது. பக்கத்துலேர்ந்து கன்னு வரும், பிரிச்சு வச்சா அடுத்த வாழை. 'வாழையடி வாழை'ன்னு நம்மாளுங்க வாழ்த்தறாங்களே, அதுக்கு அறிவியல்ல என்ன அர்த்தம்னா, தாய்க்கும் கன்னுக்கும் மரபணு ஒண்ணுதான். ஒட்டுமொத்த வம்சமும் ஒரே ஆள்!

சாட்ஸ்வொர்த் கன்னுங்க கப்பலும் ஏறிச்சு. 1838ல ஜான் வில்லியம்ஸ்னு ஒரு மிஷனரி, மூடின கண்ணாடிப் பெட்டியில வச்சு தென்பசிபிக் தீவுகளுக்கு எடுத்துட்டுப் போனார். நத்தானியல் வார்டுன்னு ஒரு லண்டன் டாக்டர் கண்டுபிடிச்ச பெட்டி அது. உள்ள இருக்கற ஈரமே ஆவியாகித் திரும்பச் சொட்டும், உப்புக்காத்து அண்டாது. சமோவாவுல உயிரோட இறங்கின வாழை, பக்கத்துத் தீவுகளுக்கும் பரவிச்சு. வில்லியம்ஸ்தான் பாவம், 1839 நவம்பர்ல எரொமாங்கா தீவுல கொல்லப்பட்டார்.

உலகத்துல இருக்கற கேவண்டிஷ் மொத்தமும் அந்த ஒரே செடியோட வாரிசுன்னு அங்கங்க எழுதறாங்க. அது கொஞ்சம் ஓவர். சீனாவுலயும் மொரீஷியஸ்லயும் அது முன்னாடியே இருந்துச்சே. நம்ம ஊர்ல குட்டைக் கேவண்டிஷுக்கு 'மோரிஸ்'னு பேர் வந்தது மொரீஷியஸை வச்சுத்தான். பிரபு பேரை விட்டுட்டு, செடி வந்த வழியைப் பேரா வச்ச நம்மாளுங்களுக்கு ஒரு ஓ போடலாம்.

ரொம்ப நாளைக்கு இது ஏதோ ஒரு ரகமாத்தான் இருந்துச்சு. மேல்நாட்டு வியாபாரத்துல கொடிகட்டிப் பறந்தது 'க்ரோ மிஷல்'. அதையும் கன்னு வச்சுத்தான் பெருக்கினாங்க, அதனால எல்லாம் ஒரே ஆள். மண்ணுல இருக்கற பூஞ்சையால வர்ற பனாமா வாடல் நோய் புகுந்ததும் தோட்டம் தோட்டமா விழுந்துச்சு. மருந்து கிடையாது. பூஞ்சை பல வருஷம் மண்ணுலயே குடியிருக்கும். (நம்ம ரஸ்தாளிக்கும் இதே நோய்தான் எமன்.) கம்பெனிகள் காட்டை அழிச்சு அழிச்சு இடம் மாறிப் பார்த்தாங்க, நோயும் கூடவே போச்சு. 1960கள்ல வேற வழியில்லாம, அதே மண்ணுல தாக்குப் பிடிச்ச கேவண்டிஷ் வகைகளுக்கு மாறினாங்க. தேனி, கம்பம் பக்கம் ஏக்கர் ஏக்கரா நிக்குதே ஜி-9, அதுவும் கேவண்டிஷ் குடும்பம்தான்.

அந்த ஜி-9 கன்னும் மண்ணுல பொறக்கறதில்ல. திசு வளர்ப்புக் கூடத்துல, கண்ணாடி பாட்டிலுக்குள்ள, டியூப்லைட் வெளிச்சத்துல பொறக்குது. அப்புறம் நிழல்வலைக் கூடாரத்துல கொஞ்ச நாள் பழக்கித்தான் வயலுக்கு அனுப்பறாங்க. பாட்டில்லேர்ந்து வர்ற கன்னு நோயில்லாம சுத்தமா இருக்கும், அது பெரிய வசதி. ஆனா நடற மண்ணு சுத்தமா இருக்கணுமே!

ஏன்னா அதே பூஞ்சையோட இன்னொரு ரகம், டி.ஆர்.4, கேவண்டிஷையும் சாய்க்குது. 1990கள்ல மலேசியா, இந்தோனேசியாவுல தோட்டங்களைக் காலி பண்ணுச்சு. 2019ல கொலம்பியாவுலயும் கண்டுபிடிச்சாங்க. நம்ம நாட்டுல பீகார், உத்தரப் பிரதேசம் பக்கம் ஜி-9 வயல்கள்ல புகுந்தாச்சு. ஒருத்தர் செருப்புல ஒட்டின மண்ணு போதும், வாய்க்கால் தண்ணி போதும், அடுத்த வயலுக்குப் போயிடும். திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்காரங்க இதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காங்க.

பாக்ஸ்டன் அப்புறம் 1851ல லண்டன் கண்காட்சிக்கு கிரிஸ்டல் பேலஸ் கட்டி 'சர்' பட்டம் வாங்கினார். அதுக்கு முன்னாடியே சாட்ஸ்வொர்த்ல 277 அடி நீளத்துக்கு ஒரு மகா கண்ணாடி மாளிகை கட்டி, எட்டு கொதிகலன் வச்சு சூடேத்தினார். முதல் உலகப் போர்ல கரிக்கு வழியில்லாம உள்ள இருந்த செடிங்க குளிர்ல செத்துப்போச்சு. 1920ல கட்டடத்தையே வெடி வச்சுத் தகர்த்துட்டாங்க.