மூடிய பெட்டியும் திறந்த பெட்டியும்

வீட்டுக்கோ சிறு அலுவலகத்துக்கோ மேசைக் கணினி வாங்க நினைப்பவர் முன் இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, திரைக்குப் பின்னாலேயே எல்லாவற்றையும் அடக்கிக்கொண்ட ஆல்-இன்-ஒன். மற்றது, ஏதோ ஒரு நிறுவனத்தில் நான்கைந்து ஆண்டு உழைத்துவிட்டு, தூசி தட்டி, டிஸ்க் மாற்றி, மறுபடி விற்பனைக்கு வரும் ரீஃபர்பிஷ்டு டவர். அழகும் இடமும் முக்கியமென்றால் முதலாவது, காசு மிச்சமாக வேண்டுமென்றால் இரண்டாவது என்று பேச்சை முடித்துவிடுவது வழக்கம். ஆனால் ஒரு கணினியின் பாகங்கள் ஒரே வயதில் ஓய்வதில்லை. சுழலும் ஹார்டு டிஸ்க்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும்தான் பெரும்பாலும் முதலில் கைவிடும். ப்ராசஸர் கெடுவது அபூர்வம். ஆனால் மென்பொருளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பழசாகிவிடும். நல்ல திரை இவற்றையெல்லாம் தாண்டி நிற்கும். ஆயுள் வேறுபடும் இந்தப் பாகங்களைச் சேர்த்துக் கட்டிவிட்டால், முதலில் போவது எதுவோ அதுவே மற்றவற்றின் ஆயுளையும் முடித்துவைக்கும். பிரித்து வைத்தால் ஒவ்வொன்றும் தன் காலத்தை முழுதாக வாழ்ந்து தீர்க்கும். கணினி செய்தவர்கள் சுமார் ஐம்பது ஆண்டுகளாக இந்த இரண்டுக்கும் நடுவே மாறி மாறிப் போய்வந்திருக்கிறார்கள். பழைய டவர் வியாபாரம் என்று ஒன்று உருவானதே அதன் விளைவுதான்.

தனிநபர் கணினி பெருமளவில் சந்தைக்கு வரத் தொடங்கிய 1977-ஆம் ஆண்டிலேயே இரண்டு வகையும் வந்துவிட்டன. கமோடோர் நிறுவனத்தின் பெட் என்பது திரை, விசைப்பலகை, கேசட் டிரைவ் மூன்றையும் ஒரே இரும்புக் கூட்டில் பொருத்தி வந்த கணினி. அதே ஆண்டு வந்த ஆப்பிள் II திரை இல்லாமல் வந்தது. வீட்டு டிவியிலோ தனி மானிட்டரிலோ அதை இணைத்துக்கொள்ள வேண்டும். அதன் மேல்மூடியைக் கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே தூக்கிவிடலாம். உள்ளே கூடுதல் அட்டைகளைச் செருக 8 ஸ்லாட்டுகள். பிரின்டருக்கும் மோடத்துக்குமாக இரண்டு போதும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் சொல்ல, எட்டுதான் வேண்டும் என்று ஸ்டீவ் வாஸ்னியாக் பிடிவாதமாக நின்றது கணினி வரலாற்றில் பேர்போன வாக்குவாதம். வாங்கும் நாளில் அந்த எட்டும் வெறும் ஓட்டைகள். 1978-இல் ஃபிளாப்பி டிரைவ் வந்தபோது அதன் அட்டை அங்கே குடியேறியது. 1980-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு அட்டைக்குள் வேறொரு ப்ராசஸரையே வைத்து விற்றது. அதைச் செருகினால் ஆப்பிள் II, அதற்காக எழுதப்படாத, சிபி/எம் என்ற வேறொரு இயங்குதளத்தின் மென்பொருள்களையும் ஓட்டியது. வடிவமைத்தவர்களே நினைத்துப் பார்க்காத வேலைகளுக்கு அந்தக் காலி இடங்கள் உதவின. அந்த வரிசையின் கடைசிக் கணினி உற்பத்தியிலிருந்து நின்றது 1993-இல். பதினாறு ஆண்டுகள் என்பது எந்தக் கணினி வரிசைக்கும் எளிதில் வாய்க்காத ஆயுள்.

அந்த ஆப்பிள்தான் 1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் மூலம் எதிர்த்திசைக்குப் போனது. 9 அங்குலத் திரையும் கணினியும் ஒரே கூட்டில். ஸ்லாட் ஒன்றுகூட இல்லை. விலை 2,495 டாலர். மூடியைக் கழற்ற நட்சத்திர வாய் கொண்ட, நீளமான கைப்பிடியுள்ள திருப்புளி தேவைப்பட்டது. சாதாரண வீட்டில் அது இருக்காது என்பது செய்தவர்களுக்குத் தெரியும். இந்த மூடலுக்கு நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அத்திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின், எல்லாக் கணினியும் ஒரே மாதிரி இருந்தால்தான் மென்பொருள் எழுதுபவருக்கும் பயன்படுத்துபவருக்கும் குழப்பம் வராது என்று வாதிட்டார். அது சரியான வாதம். ஆனால் அன்றைய கணினிக்குக் கொடுத்திருந்த 128 கிலோபைட் நினைவகம் சில மாதங்களிலேயே போதாமல் போனது. போர்டில் 16 சிப்புகள் ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்தன. அந்தப் பதினாறையும் உருக்கி எடுத்து, நான்கு மடங்கு கொள்ளளவுள்ள சிப்புகளை அதே இடத்தில் பற்றவைத்துக் கொடுப்பது வெளியாட்களுக்கு ஒரு தனித் தொழிலானது. போர்டு வடிவமைப்பாளர் பர்ரெல் ஸ்மித் நிர்வாகத்தின் விருப்பத்தையும் மீறி அதற்கு வழி விட்டுவைத்திருந்ததால்தான் இது முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆப்பிளே 512 கிலோபைட் மாடலைக் கொண்டுவந்தது. 1987-இல் வந்த மெக்கின்டாஷ் II, தனித் திரையும் 6 ஸ்லாட்டுகளுமாக வந்தது. மூன்று ஆண்டில் நிறுவனம் தன் கொள்கையில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது என்றே சொல்ல வேண்டும்.

டவரின் பூர்வீகம் வேறு. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட பிசி அவசரத்தில் பிறந்தது. சுமார் ஓராண்டுக்குள் சந்தைக்கு வந்தாக வேண்டியிருந்ததால் ப்ராசஸரை இன்டெல்லிடமிருந்தும் இயங்குதளத்தை மைக்ரோசாஃப்டிடமிருந்தும் வாங்கிக் கோத்தார்கள். 5 ஸ்லாட்டுகள் வைத்தார்கள். சுற்றுப்படங்களையும், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரலையும் அச்சிட்டு ஒரு கையேடாகவே விற்றார்கள். பயாஸை அப்படியே நகலெடுத்தால் வழக்கு வரும் என்பதால், காம்பேக் நிறுவனத்தில் ஒரு குழு அதைப் படித்து அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. மூலத்தைக் கண்ணாலும் பாராத இன்னொரு குழு அதே வேலையைச் செய்யும் நிரலைப் புதிதாக எழுதியது. ஐபிஎம் பிசியைப் போலவே இயங்கும் குளோன்கள் பெருகின. 1987-இல் ஐபிஎம் விழித்துக்கொண்டு, உரிமம் வாங்கினால்தான் பயன்படுத்த முடியும் என்ற புதிய ஸ்லாட் முறையோடு பிஎஸ்/2 வரிசையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே காம்பேக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து, பழைய அட்டைகளையும் ஏற்கும் மாற்றுமுறை ஒன்றை அறிவித்தன. சந்தை ஐபிஎம்மின் பின்னால் போகவில்லை. 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையை வகுத்தது. மதர்போர்டின் நீள அகலம், திருகுத் துளைகளின் இடம், எஸ்எம்பிஎஸ் வயர் முனையின் வடிவம் எல்லாம் பொதுவாயின. ஒரு நாட்டில் செய்த போர்டை இன்னொரு நாட்டில் செய்த பெட்டிக்குள் திருகலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது. அது யாரும் பெருந்தன்மையோடு அளித்த வரமல்ல. போட்டியின் நெருக்கடியில் விளைந்தது.

அந்தப் பொது அளவுமுறைதான் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குச் சோறு போட்டது. ரேடியோ, டேப்ரிக்கார்டர், டிவி உதிரிபாகங்களுக்குப் பேர்போன அத்தெரு கணினிக்கு மாறியபோது புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை. பாகம் பாகமாக விற்பதும் மாட்டிக் கொடுப்பதும் அதற்குப் பழகிய தொழில். 1984 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியது. 1997-இல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தபின், கணினிக்கான சுங்கவரி படிப்படியாக இறங்கிப் பூஜ்யமானது. போர்டு ஒரு கடை, ரேம் ஒரு கடை, கேபினெட் இன்னொரு கடை என்று வாங்கிச் சேர்த்த அசெம்பிள்டு சிஸ்டங்கள்தான் தமிழ்நாட்டின் எத்தனையோ டிடிபி மையங்களையும் பிரவுசிங் சென்டர்களையும் ஓட்டின. பிறகு மென்பொருள் நிறுவனங்களும் வங்கிகளும் நூற்றுக்கணக்கில் வாங்கிய பிராண்டட் டவர்கள், உத்தரவாதக் காலம் முடிந்ததும் மொத்தமாகக் கழிக்கப்பட்டு இதே சந்தைக்கு வந்தன. அசெம்பிள் செய்யத் தெரிந்த கைகளே அவற்றைப் பிரித்து, சுத்தம் செய்து, இரண்டாவது வாழ்க்கைக்கு அனுப்பின.

பிரித்து வைத்தால் ஆயுள் கூடும் என்பதற்கு எதிர்மறைச் சான்று ஒன்று பிரிட்டனில் கிடைக்கிறது. 1986-இல் ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் 399 பவுண்டுக்கு வெளியிட்ட பிசி1512, பார்வைக்குத் திரை தனி, பெட்டி தனி. ஆனால் செலவைக் குறைக்க, மொத்தக் கணினிக்குமான பவர் சப்ளையை மானிட்டருக்குள் வைத்துவிட்டார்கள். மானிட்டர் போனால் கணினியும் இயங்காது. வேறு நிறுவனத்தின் மானிட்டரை மாட்டவும் முடியாது. ஆக, வெளித்தோற்றத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இதற்கு நேர்மாறான பாடம் 2004-இல் வந்த, ஆப்பிளின் ஆல்-இன்-ஒன்னான ஐமேக் ஜி5-இல் இருக்கிறது. அக்காலத்தில் உலகம் முழுக்க மதர்போர்டுகளில் ஒரு நோய் பரவியிருந்தது. கேபாசிட்டர்களின் தட்டையான தலை உப்பி, வெடித்து, பழுப்பு நிறத்தில் கசிந்தது. டெல் ஆப்டிபிளெக்ஸ் டவர்களும் இதற்குத் தப்பவில்லை. 2005-இல் அந்நிறுவனம் இதற்காகச் சுமார் 30 கோடி டாலரைக் கணக்கில் ஒதுக்கியது. ஐமேக் ஜி5-உம் தப்பவில்லை. ஆனால் அதன் முதல் மாடலில் அடியில் இருக்கும் மூன்று திருகுகளைத் தளர்த்தினால் பின்மூடி முழுதாகக் கழன்று வந்துவிடும். எனவே கெட்ட போர்டை எடுத்துவிட்டு வேறு வைப்பது எளிதாக இருந்தது. ஆல்-இன்-ஒன் என்றாலே மூடியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

பின்னால் வந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் தெரிந்தே செய்தவை. 2011 வரை வந்த ஐமேக்கின் முன்கண்ணாடியைக் காந்தங்கள்தான் பிடித்திருந்தன. உறிஞ்சுகோப்பையை ஒட்டி இழுத்தால் கையோடு வந்துவிடும். 2012-இல் ஓரத்தை 5 மில்லிமீட்டராக மெலிய வைத்தபோது கண்ணாடியும் திரையும் ஒன்றாகி, பசை நாடாவால் கூட்டோடு ஒட்டப்பட்டன. டிஸ்க்கை மாற்ற வேண்டுமென்றால் பசையை அறுத்துத் திரையைப் பெயர்க்க வேண்டும். 2009 முதல் சில ஆண்டுகள் ஐமேக்கை வேறொரு கணினிக்கு மானிட்டராகப் பயன்படுத்தும் வசதி இருந்தது. 2014-இல் வந்த 5கே மாடலில் அது இல்லை. அதனால் அருமையான ஒரு திரை, பின்னால் இருக்கும் போர்டு பழசானதும் சேர்ந்தே பழசாகிறது. 2021-இல் வந்த எம்1 ஐமேக்கில் நினைவகம் ப்ராசஸரோடு ஒரே தொகுப்பாகிவிட்டது. வாங்கும் நாளில் எடுத்த ரேம்தான் கடைசி வரை. மற்ற நிறுவனங்களின் ஆல்-இன்-ஒன்களில் ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றத்தக்கவையாக இருப்பதுண்டு. ஆனால் அவற்றின் போர்டும் கூடும் அந்தந்த மாடலுக்கென்றே வெட்டியவை.

பிரித்து வைப்பதே மேல் என்பதற்கு மறுப்புகள் உண்டு. பெரும்பாலான மக்கள் தங்கள் கணினியைத் திறப்பதே இல்லை. திறக்காத மூடி திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன என்பது முதல் மறுப்பு. 2008-லேயே லேப்டாப் விற்பனை டெஸ்க்டாப்பை முந்தத் தொடங்கிவிட்டதை மறுப்பவர்கள் சான்றாகக் காட்டலாம். லேப்டாப் ஒட்டியே இருப்பதற்கு ஈடாக ஒன்று தருகிறது: தூக்கிக்கொண்டு போகலாம். மேசையை விட்டு நகராத ஆல்-இன்-ஒன் தரும் ஈடு கொஞ்சம் இடமும் சில வயர்கள் குறைவதும்தான். மேலும் திறக்க வேண்டியது உரிமையாளர் அல்ல, மெக்கானிக். திறக்கத்தக்க பெட்டியின் பலன் முதலில் வாங்கியவருக்குக் கிடைக்காவிட்டாலும் இரண்டாவது, மூன்றாவது கைக்குக் கிடைக்கிறது. ரீஃபர்பிஷ்டு சந்தையில் டவர் மலிந்து கிடப்பதற்கும் பழைய ஆல்-இன்-ஒன்னுக்கு உதிரிபாகம் தேடி அலைவதற்கும் காரணம் அதுவே.

இரண்டாவது மறுப்பு வலுவானது. பழைய டவர் என்று விற்கப்படுவது உண்மையில் திறந்த பெட்டிதானா? கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் டெல், எச்பி, லெனோவோ நிறுவனங்களின் அலுவலக டவர்கள் பலவற்றில் பவர் சப்ளையின் வயர் முனை அந்தந்த நிறுவனத்துக்கே உரியது. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே மாட்ட முடியாது. இது மறுக்க முடியாத குறை. ஆனாலும் ரேம், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் அட்டை, மானிட்டர் இன்னும் பொதுவானவையே. பவர் சப்ளைக்கு ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் சந்தையில் புழங்குவதால் செத்த ஒன்றிலிருந்து எடுத்துப் போடும் வழியும் இருக்கிறது. மூன்றாவது மறுப்பு மென்பொருளைப் பற்றியது. 2021-இல் வந்த விண்டோஸ் 11, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை ஏற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஆகவே ஆறாம், ஏழாம் தலைமுறை டவரை மலிவாகக் கிடைக்கிறதே என்று விண்டோஸுக்காக வாங்குவது வீண். இந்தக் கத்தி இரண்டு வகையையும் ஒரே மாதிரி வெட்டுகிறது என்பது உண்மை. ஆனால் டவர் வைத்திருப்பவர் பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு மானிட்டரை வைத்துக்கொள்வார். ஆல்-இன்-ஒன் வைத்திருப்பவர் நன்றாக ஓடும் திரையையும் சேர்த்துக் கழிப்பார்.

ஆல்-இன்-ஒன்னுக்கு இடமே இல்லை என்பது இதிலிருந்து வராது. மருத்துவமனை வரவேற்பறை, வங்கிக் கவுன்டர், கடை பில்லிங் மேசை போன்ற இடங்களில் கணினி கெட்டால் ஒப்பந்தக்காரர் வேறொன்றைக் கொண்டுவந்து வைப்பார். ஆயுள் கணக்கு அவருடையது. சொந்தக் காசில் ஒரே கணினி வாங்கி, பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை அதை ஓட்ட நினைக்கும் வீட்டுக்கு நிலைமை வேறு. எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸர், புதிய எஸ்எஸ்டி, எழுத்தில் உத்தரவாதம், வாங்குமுன் பவர் சப்ளையின் வயர் முனையை ஒருமுறை பார்த்துக்கொள்வது, மிச்சமாகும் காசில் நல்லதொரு மானிட்டர்: இதுவே அவர்களுக்கு ஏற்ற முடிவு. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் மின்கழிவு விதிகள், உற்பத்தியாளர், மறுசுழற்சியாளர் ஆகியோரோடு ரீஃபர்பிஷ் செய்பவரையும் பதிவு பெற வேண்டிய தரப்பாகச் சேர்த்திருக்கின்றன. தெருவோரத் தொழிலாகத் தொடங்கியதை அரசும் ஒரு தொழிலாகக் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் திருகுக்குப் பதில் பசையும், செருகுவதற்குப் பதில் பற்றவைப்பும் பரவினால், பதிவு பெற்ற கடை இருந்தும் அங்கே பழுதுபார்க்கப் பொருள் வராது. எந்தப் பெட்டியை வாங்குகிறோம் என்பது அந்தத் தொழில் இன்னும் பத்தாண்டு நிற்குமா என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.